ரீபூட் ஆனால் பம்ப் இழுக்கிறது: உப்பளப் பெட்டிக்கான ஜிபிஐஓ டிரைவர்

வாலிநோக்கம்_உவர்நீர்

வாலிநோக்கம் பக்கத்து உப்பளம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டி. போர்டு ராஸ்பெர்ரி பை 4. ஜிபிஐஓ (நிரலால் மாற்றவோ படிக்கவோ கூடிய பின்) 17இல் 5 வோல்ட் ரிலே மாட்யூல், லோ (0 வோல்ட்) கொடுத்தால் இழுக்கும், அதாவது இணையும் வகை. ரிலே, கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய சுவிட்ச்) காயிலை இயக்கும். கான்டாக்டர் பம்பை இயக்கும். நீர்த்தேக்கத்தில் இரண்டு மிதவை சுவிட்ச்: கீழ்மட்டம் பின் 27, மேல்மட்டம் பின் 22. கேபிள் 80 மீட்டர். புல்-அப் (பின்னை 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுத்து வைக்கும் தடை) சிப்பின் உள்ளே இருப்பது மட்டும்தான்.

டிரைவர் பழைய பாணி. ஜிபிஐஓ_ரிக்வெஸ்ட், அடுத்து ஜிபிஐஓ_டைரக்ஷன்_அவுட்புட்(17, 0). பிறகு மிதவைகளைப் படித்து முடிவெடுக்கும். லினக்ஸ் 5.10 கெர்னலில் ஓடியது.

சிக்கல் மூன்று. ஒன்று, ஒவ்வொரு ரீபூட்டிலும் பம்ப் ஒரு தடவை இழுத்துவிட்டுத்தான் அடங்குகிறது. பாத்தியில் உப்பு விளைகிற நேரத்தில் 3 பாகை போமே (உவர்நீரின் அடர்த்தி அளவு) கடல்நீர் உள்ளே போனால் 25 பாகைக்கு ஏறிய உவர்நீர் நீர்த்துவிடும். அதனால் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு, கெர்னலை 6.6க்கு மாற்றியதும் மாட்யூல் ஏறுகிறது, பிழைச்செய்தி கிடையாது, எதுவும் நடக்கவும் இல்லை. மூன்று, விடியற்காலைப் பனியில் தண்ணீர் அசையாமலே மிதவை மாறி மாறிக் காட்டுகிறது.

கடல்கம்பி (மண்டபம்)

இரண்டாவதிலிருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம்.

புதிய கெர்னல்களில் ஜிபிஐஓ சிப்களுக்குத் தானாக ஒதுக்கப்படும் எண்கள் 512இலிருந்து தொடங்கும். 6.6இல் உங்கள் பின் 17 என்பது 529. பழைய 17 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரரே இல்லை. அப்போது ஜிபிஐஓ_ரிக்வெஸ்ட் "அப்படி ஒன்று கிடையாது" என்று சொல்லாது. "அந்த சிப் பிறகு வரலாம்" என்று நினைத்து -517 திருப்பும். அதாவது ஈப்ரோப்_டிஃபர். உங்கள் ப்ரோப் (டிரைவர் டிவைஸோடு இணையும்போது ஓடும் செயற்கூறு) அதை அப்படியே மேலே அனுப்பினால் கெர்னல் சத்தமில்லாமல் காத்திருப்புப் பட்டியலில் போட்டுவிடும். டிபக்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் உள்நிலையைக் காட்டும் கோப்பமைப்பு) டிவைசஸ்_டிஃபர்டு கோப்பைத் திறந்து பாருங்கள், உங்கள் டிவைஸ் அங்கே உட்கார்ந்திருக்கும்.

17ஐ 529 ஆக்கி ஓட்டலாம். தயவுசெய்து வேண்டாம். அடுத்த கெர்னலில் இதே இழையை மறுபடி திறக்க வேண்டிவரும். எண்ணுக்குப் பதில் பெயரால் பின்னைக் கேட்கும் டிஸ்கிரிப்டர் முறைக்கு வந்துவிடுங்கள். டிவைஸ் ட்ரீயில் (எது எங்கே மாட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக்கோப்பு) உங்கள் கணுவுக்குள் "பம்ப்-ஜிபிஐஓஸ்" என்று ஒரு பண்பு. மதிப்பில் மூன்று: எந்த சிப், அந்த சிப்புக்குள் எத்தனையாவது பின், ஆக்டிவ்_லோவா ஆக்டிவ்_ஹையா. டிரைவரில் டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட், பெயர் "பம்ப்" மட்டும், பின்னொட்டு வேண்டாம். திரும்பும் பிழையை டெவ்_எர்_ப்ரோப் வழியாகவே விடுங்கள். -517 என்றால் காரணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும், மற்றப் பிழை என்றால் லாகில் கத்தும்.

முதல் சிக்கலுக்கும் இங்கேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் (17, 0) என்பது பின்னைத் தரையிறக்குகிறது. லோவில் இழுக்கும் மாட்யூலுக்கு அது "ஓடு" என்ற கட்டளை. மிதவையைப் படித்து நீங்கள் 1 எழுதும்வரை பம்ப் ஓடும். டிஸ்கிரிப்டர் முறையில் டிவைஸ் ட்ரீயில் ஆக்டிவ்_லோ என்று எழுதிவிட்டு, எடுக்கும்போது ஜிபிஐஓடி_அவுட்_லோ கொடுத்தால், அந்த "லோ" தர்க்க மதிப்பு. "அணைந்த நிலை" என்று பொருள். கெர்னல் அதைத் திருப்பிப் பின்னில் 3.3 வோல்ட் வைக்கும். திசை மாறும் அதே கணத்தில் மதிப்பும் சரியாக இருக்கும், இடையில் துடிப்பு வராது.

வயரிங் எப்படி என்பதை டிரைவருக்குள் எழுதாதீர்கள். சி கோடில் 1 என்றால் பம்ப் ஓடுகிறது, 0 என்றால் நிற்கிறது. அவ்வளவுதான். நாளைக்கு வேறு மாட்யூல் போட்டால் டிவைஸ் ட்ரீயில் ஒரு சொல்தான் மாறும்.

ஸ்கிரிப்ட்_போதுமே

இதற்கு எதற்கு கெர்னல் டிரைவர்? ஒரு பம்ப், இரண்டு மிதவை. லிப்ஜிபிஐஓடி நூலகத்தை வைத்துப் பைத்தானில் நாற்பது வரி. கெர்னலில் ஒரு சுட்டி தவறினால் பெட்டியே படுத்துவிடும்.

கடல்கம்பி (மண்டபம்)

நியாயமான கேள்விதான். பயனர் நிரலில் எழுதினால் /சிஸ்/கிளாஸ்/ஜிபிஐஓ பக்கம் மட்டும் போகாதீர்கள், 4.8இல் எழுத்துச் சாதன இடைமுகம் வந்தபோதே அது பழசாகிவிட்டது. 5.10இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் டீபவுன்ஸ் (சுவிட்சின் துள்ளலை வடிகட்டுவது) காலத்தையும் கெர்னலிடமே சொல்லிவிடலாம், வன்பொருளில் வசதி இல்லாவிட்டால் மென்பொருளில் செய்துகொடுக்கும்.

ஆனால் ஒரு விஷயம். உங்கள் நிரல் செத்தால் அது பிடித்திருந்த பின் விடுவிக்கப்படும். பிறகு அந்தப் பின் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில சிப்களின் பின்கன்ட்ரோல் டிரைவர் அதை இன்புட் ஆக்கிவிடும், சில கடைசி மதிப்பிலேயே விட்டுவிடும். ஜிபிஐஓசெட் கட்டளையின் புதிய பதிப்பு வேலை முடித்து வெளியேறாமல் நிற்பதும் இதனால்தான்.

டிரைவரா நிரலா என்பதைவிட, இரண்டுமே இல்லாத நேரத்தில் பின் என்ன செய்கிறது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. மின்சாரம் வந்ததிலிருந்து ப்ரோப் ஓடும்வரை பல வினாடிகள் போகும். அந்த நேரத்தில் உங்கள் கோடு எதுவுமே உயிரோடு இல்லை.

கீழக்கரை_சால்டரிங்

கம்பி சொல்றதுதான் சரி. அந்த நேரத்துல பேசுறது ரெசிஸ்டர் மட்டும்தான்.

பை 4ல பவர் வந்ததும் எல்லாப் பின்னும் இன்புட். 0லிருந்து 8 வரைக்கும் உள்ள இழுவை மேலே, 9லிருந்து 27 வரைக்கும் கீழே. 17 கீழே இழுபடும், ஆனா அது 50 கிலோ ஓம் மாதிரி பலவீனமான இழுவை. அதை நம்பி 3 பேஸ் மோட்டாரை விடக்கூடாது. ரிலேயை 14, 15ல போட்டுடாதீங்க. அது சீரியல் கன்சோல். பூட் செய்தி ஓடும்போதெல்லாம் ரிலே தாளம் போடும். 2, 3ல போர்டுலயே 1.8 கிலோ ஓம் மேல் இழுவை பிரிக்க முடியாம இருக்கு, அதுவும் வேண்டாம்.

அந்த நீலக் கலர் ரிலே மாட்யூலைக் கழற்றிடுங்க. 5 வோல்ட்ல ஓடுற மாட்யூலோட இன்புட்டை 3.3 வோல்ட் பின்ல நேரடியா மாட்டுறது அரைகுறை வேலை. பதிலா பிசி547 டிரான்சிஸ்டர் ஒண்ணு. பின்லேர்ந்து பேஸுக்கு 2.2 கிலோ ஓம். பேஸ்லேர்ந்து தரைக்கு 10 கிலோ ஓம். கலெக்டர்ல ரிலே காயில், அதுக்குக் குறுக்கே 1என்4007 தலைகீழா. 70 மில்லி ஆம்ப் காயிலை இது தாங்கும். இப்ப ஹை கொடுத்தாதான் இழுக்கும். பின் இன்புட்டா மிதந்தாலும், கேபிள் கழண்டாலும், போர்டே இல்லாட்டாலும் ரிலே விட்டுத்தான் இருக்கும். டிவைஸ் ட்ரீயில ஆக்டிவ்_ஹைன்னு மாத்திடுங்க. கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கப்பாசிட்டரும் தொடரா. அது இல்லாட்டி கான்டாக்டர் விடும்போது கிளம்புற துடிப்பு மிதவைக் கம்பியில ஏறி பொய் இன்டரப்ட் (பின் மாறிடுச்சுன்னு கெர்னலுக்குப் போற சைகை) கொடுக்கும்.

இப்ப மூணாவது சிக்கல். கச்சான் காத்து தூக்கிட்டு வர்ற உப்புத்தூசி டெர்மினல்ல படியும். பகல்ல காஞ்சு கிடக்கும், ஒண்ணும் தெரியாது. விடியக்காலை ஈரத்துல அதே படலம் மின்சாரம் கடத்தும். கசிவு 50 கிலோ ஓம்னு வைங்க. உள் புல்-அப்பும் 50. நடுவுல நிக்கிறது 1.65 வோல்ட். இந்தச் சிப்புக்கு 0.8க்குக் கீழதான் பூஜ்யம், 2.0க்கு மேலதான் ஒண்ணு. 1.65ல அது என்ன படிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. அதே இடத்துல வெளியே 2.2 கிலோ ஓம் புல்-அப் போட்டா 3.16 வோல்ட் நிக்கும்.

ஆனா 80 மீட்டர் கேபிளை நேரா சிப் கால்ல கொண்டுவந்து கட்டாதீங்க. 24 வோல்ட் லூப், 4.7 கிலோ ஓம், பிசி817 ஆப்டோ (உள்ளே ஒரு எல்இடி, ஒளி வழியா சைகை கடத்தற சிப்). மிதவை மூடினா 5 மில்லி ஆம்ப் கிட்ட ஓடும், காண்டாக்டுக்கும் நல்லது. ஒரு பொறி இருக்கு இதுல: 24 வோல்ட்ல 50 கிலோ ஓம் கசிவுன்னா அரை மில்லி ஆம்ப் கிட்ட. ஆப்டோ அதுக்கே பாதி திறந்துடும். அதனால ஆப்டோவோட எல்இடிக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் போடுங்க. எல்இடி எரிய 1.1 வோல்ட் வேணும். அந்த 1 கிலோ ஓம் முதல் 1.1 மில்லி ஆம்பைக் குடிச்சிடும். மொத்தத் தடை சுமார் 20 கிலோ ஓமுக்குக் கீழ வர்றவரைக்கும் கசிவு உள்ளே தெரியாது.

வாலிநோக்கம்_உவர்நீர்

காக்கா, மிதவை சுவிட்ச் பெட்டிக்குள் கிரீஸ் அடைத்தால் போதாதா?

கீழக்கரை_சால்டரிங்

கிரீஸும் வேணும். கேபிள் கிளாண்ட் கீழ்முகமா இருக்கணும், பெட்டிக்குள்ள வர்ற முன்னாடி கேபிள் ஒரு வளைவு தொங்கணும், சர்க்யூட் போர்டுக்கு அக்ரிலிக் பூச்சு அடிக்கணும். இதெல்லாம் கசிவைத் தள்ளிப்போடும். அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், கசிவு வந்த பிறகும் சரியாப் படிக்கவைக்கும். ரெண்டையும் செய்யுங்க.

தொண்டி_இறால்குளம்

மேலே "ஒண்ணும் இல்லாட்டா ரிலே விட்டிருக்கணும்" என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு யாராவது இறால் குளத்தில் போட்டுவிடப் போகிறார்கள். அங்கே கணக்கு தலைகீழ். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) நின்றால் குளம் போச்சு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன், சரியாக ஆட்கள் தூங்கும் நேரம். எனவே பெட்டி செத்தால் ஏரேட்டர் ஓட வேண்டும்.

இதற்கு பின்னை ஹையில் வைக்கப் போராடக்கூடாது. டிரான்சிஸ்டர் சர்க்யூட் அதே. ரிலேயின் என்சி முனையை (ரிலே விட்டிருக்கும்போது இணைந்திருக்கும் முனை) எடுத்துக்கொள்ளுங்கள். ரிலே இழுத்தால் ஏரேட்டர் நிற்கும், விட்டால் ஓடும். டிவைஸ் ட்ரீயிலும் பெயரை "ஏரேட்டர்" என்று வைக்காமல் "நிறுத்து" என்ற பொருளில் வையுங்கள். 1 எழுதினால் நிற்கிறது என்பது படிப்பவருக்குப் புரிய வேண்டும். என்சி முனையோடு ஆக்டிவ்_லோவையும் சேர்த்துக் குழப்பினால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் எது எதற்குத் தலைகீழ் என்று தெரியாது.

இன்னொன்று: மின்சாரம் போய்த் திரும்பும்போது எட்டு ஏரேட்டரும் ஒரே நொடியில் கிளம்பும். ஜெனரேட்டர் தாங்காது. அந்த இடைவெளியை டிரைவரில் எழுதிப் பயனில்லை, டிரைவர் அப்போது இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் தனி ஆன்-டிலே டைமர், 5 வினாடி வித்தியாசத்தில்.

வாலிநோக்கம்_உவர்நீர்

பம்ப் பக்கம் டிரான்சிஸ்டர், டிஸ்கிரிப்டர் இரண்டும் போட்டாயிற்று. ரீபூட்டில் இழுப்பது நின்றுவிட்டது. அடுத்து இன்னும் நான்கு மதகு மோட்டார்கள் சேர்க்க வேண்டும். பின் போதாமல் ஐ2சி (இரு கம்பி சீரியல் இணைப்பு) வழியாக பிசிஎஃப்8574 எக்ஸ்பாண்டர் (கூடுதல் பின் தரும் சிப்) மாட்டினால், டிவைஸ் ட்ரீயில் பின்னை மாற்றியது மட்டும்தான், ஜிபிஐஓடி_செட்_வேல்யூ ஒவ்வொரு முறையும் லாகில் நீளமான எச்சரிக்கை கொட்டுகிறது. மோட்டார் என்னவோ ஓடுகிறது. மேல்மட்ட மிதவையை அதில் மாற்றினால் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ -22 திருப்புகிறது.

கடல்கம்பி (மண்டபம்)

எச்சரிக்கையை "ஓடுகிறதே" என்று விட்டுவிடாதீர்கள். சிப்புக்குள் இருக்கும் பின் என்றால் ஒரு ரிஜிஸ்டரில் எழுதினால் முடிந்தது. ஐ2சி எக்ஸ்பாண்டரில் ஒரு பின்னை மாற்ற ஒரு முழு பரிமாற்றம் போக வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பைட்டுக்கே ஏறத்தாழ 0.2 மில்லி வினாடி, அதுவரை உங்கள் கோடு தூங்கும். ஜிபிஐஓடி_செட்_வேல்யூ என்பது "தூங்கமாட்டேன்" என்று வாக்களிக்கும் செயற்கூறு. தூங்கும் சிப்பில் அதை அழைத்தால் கெர்னல் முறையிடுகிறது.

மாற்றாக ஜிபிஐஓடி_செட்_வேல்யூ_கேன்ஸ்லீப். அணுச்சூழலில் (கோடு தூங்கக்கூடாத இடத்தில்) அழைக்கத் தேவையில்லாத எல்லா இடத்திலும் முதலிலிருந்தே இதையே எழுதுங்கள்; சிப்புக்குள் இருக்கும் பின்னுக்கும் இது சரியாகவே வேலை செய்யும். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அந்த அழைப்பைச் சுற்றி ஸ்பின்லாக் (தூங்க விடாத பூட்டு) இருந்தால் மியூடெக்ஸ் (தூங்க விடும் பூட்டு) ஆக்குங்கள். டைமர் கால்பேக்கிலிருந்து அழைத்தால் வொர்க்கியூவுக்கு (தூங்கக்கூடிய பின்னணி வேலை வரிசை) நகர்த்துங்கள்.

-22 விஷயம்: எக்ஸ்பாண்டரின் இன்டரப்ட் இன்னொரு த்ரெட்டுக்குள் இருந்து பிறக்கிறது, அதைப் படிக்கவே ஐ2சி போக வேண்டும். ஆகவே அங்கே வெறும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ செல்லாது. டெவ்எம்_ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ, முதல் ஹேண்ட்லர் காலி, த்ரெட் ஹேண்ட்லர் உங்களுடையது, கொடியில் ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் சேர்க்க மறக்காதீர்கள். சிப்புக்குள் இருக்கும் பின்னிலும் ஹேண்ட்லர் காலியாக இருந்து ஒன்ஷாட் இல்லாவிட்டால் பெரும்பாலும் அதே -22தான் வரும். டிவைஸ் ட்ரீயில் எக்ஸ்பாண்டர் கணுவுக்கு இன்டரப்ட்-கன்ட்ரோலர் பண்பும், அதன் இன்ட் கால் பையின் எந்தப் பின்னில் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு பொறி. ஜிபிஐஓடி_கெட்_ஆப்ஷனல் எங்காவது வைத்திருந்தால் தேடி எடுத்துவிடுங்கள். டிவைஸ் ட்ரீயில் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அது பிழை தராது, நல் (வெற்றுச் சுட்டி) திருப்பும். நல்லுக்கு மதிப்பு எழுதினால் கெர்னல் பேசாமல் திரும்பிவிடும். லாக் சுத்தம், மோட்டார் அசையாது. உண்மையிலேயே இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற பின்னுக்கு மட்டும் அது.

கீழக்கரை_சால்டரிங்

பிசிஎஃப்8574க்கு மேலே தள்ளுற சக்தி 100 மைக்ரோ ஆம்ப்தான். கீழே இழுக்கறது 25 மில்லி ஆம்ப் வரைக்கும். பவர் வந்ததும் எட்டுக் காலும் ஹை. நான் மேலே சொன்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை அப்படியே இதுல மாட்டினா ரெண்டு பக்கமும் அடி: அந்த 100 மைக்ரோ ஆம்ப்ல பேஸ் நிறையாது, ஆனா பாதி திறந்து ரிலே விறுவிறுக்கும், அதுவும் பவர் வந்த உடனேயே. இதுல லோவில் இழுக்கும் ஏற்பாடுதான் சரி: 5 வோல்ட்லேர்ந்து 470 ஓம், ஆப்டோ எல்இடி, எக்ஸ்பாண்டர் கால். எக்ஸ்பாண்டருக்கும் 5 வோல்ட் கொடுத்தா ஐ2சி கம்பிக்கு லெவல் ஷிஃப்டர் வேணும்; பையின் கால் 5 வோல்ட் தாங்காது. இந்த நாலு பின்னுக்கும் டிவைஸ் ட்ரீயில ஆக்டிவ்_லோ.

எம்சிபி23017 வாங்கினா இந்தத் தலைவலி பாதி போகும். அதுக்கு உண்மையான புஷ்-புல் அவுட்புட், பவர் வந்ததும் எல்லாம் இன்புட். டிரான்சிஸ்டரும் 10 கிலோ ஓமும் அப்படியே ஒத்துப்போகும்.

வாலிநோக்கம்_உவர்நீர்

அப்படியென்றால் எம்சிபி23017தான். இன்னொன்று: காற்றடித்தால் தேக்கத்தில் அலை. மிதவை மேலும் கீழும் ஆடி பம்பை அணைத்து அணைத்துப் போடுகிறது. ஜிபிஐஓடி_செட்_டீபவுன்ஸ் -524 தருகிறது.

கடல்கம்பி (மண்டபம்)

-524 என்றால் அந்த வன்பொருளில் டீபவுன்ஸ் கிடையாது. இருந்தாலும் உதவாது, வன்பொருள் டீபவுன்ஸ் பொதுவாக மில்லி வினாடிக் கணக்கு, உங்கள் அலை வினாடிக் கணக்கு.

இன்டரப்டில் முடிவெடுக்காதீர்கள். ஹேண்ட்லரில் ஒரே வேலை: மாட்_டிலேய்டு_வொர்க் அழைத்து 5 வினாடி தள்ளிப்போடுவது. ஒவ்வொரு அசைவும் அந்த 5 வினாடியைப் புதிதாகத் தொடங்கும். அசைவு அடங்கிய பிறகு வொர்க் ஓடி இரண்டு மிதவையையும் புதிதாகப் படித்து முடிவெடுக்கும். ஓயாமல் அலையடித்தால் வொர்க் ஓடவே ஓடாது என்பதால், முதல் அசைவிலிருந்து 60 வினாடி தாண்டினால் தள்ளிப்போடாமல் விடுங்கள்.

மேல்மிதவை நனைந்து கீழ்மிதவை காய்ந்திருப்பதாக வந்தால் அது தண்ணீர் இல்லை, அறுந்த கம்பி. பம்பை நிறுத்திப் பிழை சொல்லுங்கள்.

ப்ரோப்பில் வரிசை முக்கியம். முதலில் பின்கள், அடுத்து டெவ்எம்_டிலேய்டு_வொர்க்_ஆட்டோகேன்சல், கடைசியில் இன்டரப்ட். விடுவிப்பது தலைகீழ் வரிசையில் நடக்கும்: இன்டரப்ட் நிற்கும், பிறகு வொர்க் ரத்தாகும், பிறகுதான் பின் போகும். மாற்றி எழுதினால் மாட்யூலை இறக்கும்போது, ரத்தான வொர்க்கை ஒரு பிந்திய இன்டரப்ட் மறுபடி எழுப்பும், போன பின்னைத் தொடும், கெர்னல் விழும்.

இன்டரப்ட் பதிவானதும் வொர்க்கை நீங்களே ஒரு முறை கிளப்புங்கள். பூட் ஆகும்போதே தேக்கம் நிறைந்திருந்தால் விளிம்பு (பின்னின் நிலை மாறும் கணம்) எதுவும் வராது; வராத விளிம்புக்காக டிரைவர் காத்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் உப்பளத்தில் நின்று சோதிக்க வேண்டாம். 5.17இலிருந்து ஜிபிஐஓ-சிம் மாட்யூல் இருக்கிறது. பொய்யான சிப் ஒன்றை உருவாக்கி மிதவையை மேசையிலிருந்தே ஆட்டலாம். களத்துக்குப் போனால் டிபக்எஃப்எஸ்ஸின் ஜிபிஐஓ கோப்பு ஒரு கையில், மல்டிமீட்டர் இன்னொரு கையில். கோப்பு ஹை என்றும் மீட்டர் 0.3 வோல்ட் என்றும் சொன்னால் கோடைத் திருத்தாதீர்கள், சால்டரைப் பாருங்கள்.

தொண்டி_இறால்குளம்

கெர்னலே உறைந்தால்? பின் கடைசி மதிப்பிலேயே நிற்குமே.

கடல்கம்பி (மண்டபம்)

நிற்கும். கெர்னல் பானிக் ஆனாலும் பின் 17 ஹையாகவே இருக்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பையின் சொந்த வாட்ச்டாகை (அவ்வப்போது தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) எழுப்புங்கள். அதன் உச்சம் 15 வினாடிதான், சிஸ்டம்டியில் (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) ரன்டைம்வாட்ச்டாக்செக்கை 10 வைக்கலாம். உறைந்தால் சிப் ரீசெட் ஆகும், பின் 17 இன்புட்டுக்குத் திரும்பும், 10 கிலோ ஓம் ரிலேயை விடுவிக்கும். இது கெர்னல் உறைவதற்கு மட்டும். பயனர் நிரல் ஒன்று தொங்கினால் சிஸ்டம்டி அதைப் பார்க்காமல் வாட்ச்டாகைத் தட்டிக்கொண்டே இருக்கும், அந்தச் சேவைக்குத் தனியாக வாட்ச்டாக்செக் வேண்டும்.

கீழக்கரை_சால்டரிங்

பின் 17க்கு அது சரி. எக்ஸ்பாண்டர்ல இருக்கற நாலு மதகுக்கு? பை ரீசெட் ஆனாலும் எக்ஸ்பாண்டருக்குப் பவர் போகல, அது கடைசி மதிப்பைப் பிடிச்சிக்கிட்டே நிக்கும், டிரைவர் திரும்பி வர்றவரைக்கும். பிசிஎஃப்8574க்கு ரீசெட் காலே கிடையாது. எம்சிபி23017க்கு இருக்கு, ஆக்டிவ் லோ. அதை 3.3 வோல்ட்ல நேரா கட்டிடாம, பையின் பின் 24ல மாட்டி தரைக்கு 10 கிலோ ஓம் போடுங்க. டிவைஸ் ட்ரீயில எக்ஸ்பாண்டர் கணுவுக்கு ரீசெட்-ஜிபிஐஓஸ், ஆக்டிவ்_லோ. பை ரீசெட் ஆன உடனே 24 இன்புட்டாகும், 10 கிலோ ஓம் கீழே இழுக்கும், எக்ஸ்பாண்டரும் கூடவே இன்புட்டுக்குப் போகும், நாலு ரிலேயும் விட்டுடும். டிரைவர் வந்து ரீசெட்டை விடுவிச்சாதான் அதுக்கு மறுபடி உயிர்.